ஷெர்காசி ஓடிக்கொண்டிருந்தார்

ஒரு சமூகத்தின் மானம் எல்லையில் நிற்கும் சிப்பாயின் கையில் இல்லை. தன் கணினிக்குள் என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று அதன் ஒவ்வொரு குடிமகனும் அறிந்திருப்பதில்தான் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் கலாச்சார மாளிகையில் மேடையேறி இதைச் சொன்னேன். அரங்கம் நிறைந்திருந்தது. அன்றைக்கு நாரின் நகரத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்து வீடுகளெல்லாம் விறைத்துக் கிடந்தன. மாளிகையில் மட்டும் கணப்பு வேலை செய்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கல்பாக் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு என் உரை முழுவதும் குறட்டை விட்டார்.

நீங்கள் கேட்டதற்கும் அந்த உரைக்கும் சம்பந்தம் உண்டு, பெகாயிம். பள்ளியில் என் வகுப்பில் இருந்தபோது உங்களை 'நீ' என்பேன். இப்போது தோளில் நட்சத்திரம் இருக்கிறது, 'நீங்கள்' என்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை. காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டபோது, "சில விவரம் மட்டும் வேணும், அகாய்" என்றீர்கள். ஊரே என்னை அகாய் என்றுதான் கூப்பிடுகிறது. வாத்தியாருக்கு அந்த மரியாதையாவது மிச்சம் இருக்கிறது. கணினி நிபுணர் என்ற முறையில் கருத்துக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்து முதல் நாள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தேன். அது போகட்டும். ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. ஒன்றில் நான். என் மனைவி பிஷ்கெக்கில் மகளோடு இருக்கிறாள். நாரின் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது குடும்பத்தில் நாங்கள் சொல்லும் விளக்கம். மற்றதில் என் அம்மா, தம்பி மனைவி மேரிம், அவளுடைய சின்னப் பெண். தம்பி தலாய்பெக் ரஷ்யாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். லீவு கிடைத்தால் வருவான். நல்லவன். கை மட்டும் வாயை முந்திக்கொள்ளும். போன ஜூலையில் மேரிமின் மணிக்கட்டு முறிந்தபோது மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது நான்தான். பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே அடிக்கிற வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்மூர்க்காரர், புரிந்துகொண்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகுதான் மேரிமுக்கு ஜெர்மன் மொழி மேல் ஆசை வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மனியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாதிப் படிப்பு இருக்கிறதாம், படிக்கும்போதே சம்பளமாம், குழந்தையையும் கூட்டிப் போகலாமாம். இலையுதிர்காலத்தில் வகுப்பு. அதற்குள் மொழித் தேர்வு, திரை வழியே ஒரு நேர்காணல். ரொட்டிக்கு மாவு பிசையும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

"மாவுக்குக் கிர்கிஸ் பத்தலையாம்மா? அதுக்கும் ஜெர்மன் சொல்லிக் குடுக்கறியா?" என்று ஒருநாள் அம்மா கேட்டாள்.

"பரீட்சை வருது அத்தை. பெரியவங்களுக்கு மருந்து குடுக்கறப்ப என்ன சொல்லணும்னு படிக்கிறேன்."

"இங்க ஒரு பெரியவ உக்காந்திருக்கேனே. டீ குடுக்கறப்ப என்ன சொல்லணும்னு முதல்ல படி."

"என்ன சொல்லணும் அத்தை?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது. கிண்ணத்துல பாதி ஊத்திக் குடுத்துட்டு, அடுத்த பாதிக்கு வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரிக்கிற வீட்டில் ஒரு ஆண்பிள்ளை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

விஷயம் பெரியவனாகிய என்னிடம் வந்தது. தம்பி தொலைபேசியில் "போனா காலை ஒடச்சிடுவேன்" என்று தன் கருத்தைச் சொல்லியிருந்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை. நான் "பார்க்கலாம்" என்றேன். நம்மில் ஒரு பெரியவர் "பார்க்கலாம்" என்றால் நடக்காது என்று அர்த்தம். மேரிம் அதை நடக்கும் என்று எடுத்துக்கொண்டாள். விண்ணப்பித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மடிக்கணினியைத் தூசு தட்டித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். தட்டிக் கொடுத்தேன். கூடவே ஒரு நிரலையும் போட்டுக் கொடுத்தேன். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கென்று இணையத்தில் விற்கிற சாதாரண நிரல். திரையில் இருப்பதை அவ்வப்போது படமெடுத்துப் பள்ளியில் இருக்கிற என் கணினிக்கு அனுப்பும். கேட்டால் ஒலியும் அனுப்பும். கேமராவைத் திறக்கச் சொன்னால் திறக்கும். தப்பு எதுவும் நடக்காவிட்டால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் யாரையும் தொடவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் பெயரில் இருந்தது. எந்த நிரலாக இருந்தாலும் ஓடும்போது பட்டியலில் அதன் பெயர் வரும். அசல் பெயரோடு விட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கணினியின் சொந்த உறுப்பு மாதிரி ஒரு பெயர் வைத்தால், விவரம் தெரிந்த யாரிடமாவது படித்துக் காட்டுவாள், இணையத்தில் தேடுவாள், மாட்டிக்கொள்வேன். இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் யாருமே வாயால் சொல்லாத ஒரு பெயர் வேண்டும்.

உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் சொல்கிறேன். கல்யாணமாகி வந்தவள் கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. பிஷ்கெக் பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் சிரிப்பதில்லை. எங்கள் அம்மா வாழ்நாளில் அப்பாவின் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இருந்தவரை 'வீட்டுக்காரர்', போன பிறகு 'மேலே இருக்கிறவர்'. மேரிம் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவளுக்கு அவர் 'பெரிய மாமா'. முகத்தையே பார்க்காதவரின் பெயரை அவ்வளவு கவனமாக விலகிப் போவாள். பேச்சில் அந்தப் பெயர் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற குதிரை மாதிரி போவாள். பார்க்க அழகாக இருக்கும்.

நிரலுக்கு ஷெர்காசி என்று பெயர் மாற்றினேன்.

படங்கள் வரத் தொடங்கின. முதலில் கூச்சமாக இருந்தது. அதனால் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தேன். பாதிக்கு மேல் பாடங்கள், பயிற்சிகள். குழந்தைக்குப் போட்டுக் காட்டுகிற பொம்மைப் படங்கள். பிறகு கடிதங்கள். ஜெர்மனியிலிருந்து ஹோல்கர் என்று ஒரு ஆள் எழுதிக்கொண்டிருந்தான். வாரத்தில் இரண்டு மூன்று. ஒரு அதிகாரி இவ்வளவு எழுத மாட்டான். அதுவும் வரியின் முடிவில் சிரிக்கிற மஞ்சள் முகம் வைக்கிற அதிகாரியை நான் பார்த்ததில்லை. இவளும் பதிலுக்கு ஒரு மஞ்சள் முகம் வைத்தாள். ஒருமுறை தோட்டத்தோடு ஒரு வீட்டின் படம் அனுப்பியிருந்தான். அதை இவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்து வந்த படங்களில் திரை மாறவே இல்லை.

வேலை அதிகமானால் எந்தக் கணினிக்கும் மூச்சு வாங்கும். அவளுடையது பழையது. விசிறி அடுப்பில் ஏற்றிய கெட்டில் மாதிரி இரைய ஆரம்பித்தது. அந்த வாரம்தான் என் உரை. மேரிம் வந்தவர்களுக்கெல்லாம் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் டீயும் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்றாள். நான் மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வரும், எது அதிகம் தின்கிறதோ அது மேலே நிற்கும் என்று விளக்கினேன். உரை முடிந்தபோது கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள்.

"அகாய், ஒளிஞ்சுக்கிட்டு ஓடறதும் அந்தப் பட்டியல்ல தெரியுமா?" என்றாள் மேரிம்.

"எவ்வளவு ஒளிஞ்சாலும் பேரை மறைக்க முடியாது. பேரு தெரியாத எதையும் வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றேன். கைதட்டினார்கள். கல்பாக் பெரியவர் விழித்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டில் அவள் பட்டியலைத் திறந்தாள். படம் வந்ததும் நான் ஒலியைத் திறந்துவிட்டேன். பிஷ்கெக்கில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற சய்கல் என்ற சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் கம்பளிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"டாஸ்க் மேனேஜர் திறந்துட்டியா? என்னென்ன ஓடுதுன்னு மேலேர்ந்து படிடி" என்றாள் சய்கல்.

"முதல்ல ஒண்ணு இருக்கு. அதை அப்புறம் சொல்றேன். ரெண்டாவது பிரவுசர். மூணாவது வைரஸ் பிடிக்கிறது, நீ போட்டுக் குடுத்தியே, அது."

"முதல்ல இருக்கறதுதான்டி முக்கியம். பேரைச் சொல்லு."

"சொல்ல முடியாது."

"ஏன், எழுத்து புரியலையா?"

"எழுத்து நல்லாவே புரியுது. எங்க பெரிய மாமா."

"மாமாவா? அவரு போய் எத்தனையோ வருஷம் ஆச்சுன்னியே."

"உள்ள ஓடிக்கிட்டிருக்காரு."

சய்கல் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கரகரத்தது. "சரி, அவரு மேல அம்புக்குறிய வெச்சு, கீழ 'பணியை முடி'ன்னு இருக்கும் பாரு, அதை அழுத்து. ஆளு முடிஞ்சாரு."

"யாரை முடிக்கச் சொல்றா அவ?" என்றது அம்மாவின் குரல்.

"யாரையும் இல்ல அத்தை."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உங்க மாமாவை முடிக்கச் சொல்றா. ஒரு தடவை முடிஞ்சது போதும் அந்த மனுஷனுக்கு, விடுங்க."

அம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கேட்டாள், "அந்தப் பக்கம் எண்ணு போட்டிருக்கே, அது என்ன?"

"எவ்வளவு சாப்பிடறாங்கன்னு கணக்கு, அத்தை."

"இவரு?"

"எல்லாரையும் விட அதிகம்."

"உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான்" என்றாள் அம்மா.

மறுபடி சிரிப்பு. சய்கல் சிரித்து முடித்து, "உங்க அகாய்தான் அப்பா நினைவா ஆல்பம் கில்பம்னு ஏதாச்சும் போட்டிருப்பாரு. அவரையே கேளு. மாமியார் முன்னால அழுத்தித் தொலைக்காதே" என்றாள். பாருங்கள், செல்போன் கடைக்காரிக்குக்கூட நம் மரபு தெரிந்திருந்தது. ஒரு நல்ல பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மேரிம் என்னிடம் வந்தாள். கதவோரம் நின்றாள்.

"அகாய், என் லேப்டாப்புல பெரிய மாமா ஓடறாரு."

"தெரியும்."

"நீங்க வெச்சதா?"

"ஒரு வீடுன்னா மேல்பக்கம் ஒரு பெரியவர் உக்காந்திருக்கணும் இல்லையா? லேப்டாப்புக்கும் அதே மாதிரிதான். காவலுக்கு இருக்காரு. அப்பா நினைவா வெச்சேன்."

அவள் தலையாட்டினாள். "ஆனா ரொம்ப மெதுவாயிடுச்சு அகாய். வியாழக்கிழமை எனக்கு நேர்காணல். படம் நின்னு போச்சுன்னா இடம் போயிடும், இனி அடுத்த வருஷந்தான். அது வரைக்கும் நான் இங்க..." அந்த வாக்கியத்தை முடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவரைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லலாமா?"

"பெரியவர் ஓய்வெடுக்கணுமா வேண்டாமான்னு மருமக முடிவு பண்றதில்லம்மா."

"தப்புதான். அவரு மேல அம்புக்குறிய வெச்சுட்டேன். அழுத்தல. மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, புதுமருமகள் கும்பிடுவது மாதிரி மூன்று முறை குனிந்தாள். எனக்கு இல்லை, அப்பாவுக்கு. உண்மையைச் சொல்கிறேன், என் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியொரு பெண்ணா என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பள்ளியில் உட்கார்ந்து நேர்காணலைப் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் நிரல் தற்காலிகமாக நின்றிருக்கும். அதை அழுத்தாததற்குக் காரணம் உண்டு. ஹோல்கரின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. ஆனால் திரையில் வந்தது இரண்டு பெண்கள். அவனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

பாதியில் படம் உறைந்தது. குரல் துண்டு துண்டாகப் போயிற்று. மேரிம் என்ன செய்தாள் தெரியுமா? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். விறகுக் குவியல் மேல் முழங்கை உயரத்துக்குப் பனி. அதைக் கையால் ஒரு குழியாக்கி அதில் அதை வைத்தாள். விசிறி அடங்கியது. படம் அசையத் தொடங்கியது. சால்வைகூட இல்லாமல், மூக்கு சிவக்க, வாயிலிருந்து ஆவி பறக்க, நின்றபடியே மீதி நேர்காணலைப் பேசி முடித்தாள். அந்த இரண்டு பெண்களும் எதற்கோ கைதட்டினார்கள். அம்மா அவள் பின்னால் வந்து ஒரு கம்பளியைத் தோளில் போட்டுவிட்டுப் போவது தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. முற்றம் தெருவைப் பார்த்து இருக்கிறது; போகிறவர் வருகிறவர் என்ன நினைப்பார்கள்?

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை அல்ல, அவளைப் பார்த்துத்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டு சமையலறையில் சுற்றினாள். அதற்குப் பின் ஹோல்கர் தினமும் எழுத ஆரம்பித்தான். ஒருநாள் ஒரு அறையின் படம் வந்தது. ஜன்னல், பூப்போட்ட திரைச்சீலை, நடுவில் விரிப்புப் போட்ட ஒரு கட்டில். கீழே மஞ்சள் முகம்.

இனிமேலும் சும்மா இருந்தால் நான் ஒரு அண்ணனா? கட்டில் படத்தையும், அதற்கு முந்தைய சில கடிதங்களின் படங்களையும் தம்பிக்கு அனுப்பினேன். "வீட்டைக் கவனி" என்று மட்டும் எழுதினேன். அவன் உடனே கூப்பிட்டான்.

"எவன் இவன்?" என்றான்.

"நீயே வந்து கேட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி. அந்த உரையாடலின் பதிவை நீங்கள் என் போனிலிருந்து எடுத்துவிட்டீர்கள். வா என்று சொன்னேன். அடி என்று சொல்லவில்லை.

பிஷ்கெக்கிலிருந்து டோலோன் கணவாய் வழியாக ஷேர் டாக்சியில் வந்து இறங்கினான். நண்பகல். அடுத்த தெருவில் இறந்துபோன ஒருவருக்கு நாற்பதாம் நாள் விருந்து. அம்மா அங்கே போயிருந்தாள். குழந்தை மழலையர் பள்ளியில். மேரிம் மட்டும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வு. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மேஜையில் கேமராவைத் திறந்து வைத்திருந்தேன். அவன் வருகிற நாள் என்பதால் திறந்து வைத்தேன். குடும்பத்தில் ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசுவார்கள், கேட்கலாம் என்று.

அவன் பேசவில்லை.

முதலில் ஒலியைக் குறைத்தேன், பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று. அவள் கையைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தாள். திரையைத் திருப்பி அவனுக்குக் காட்டப் பார்த்தாள், அந்தக் கட்டில் படத்தைத்தான் என்று நினைக்கிறேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவள் கேமராவின் பார்வைக்கு வெளியே போய்விட்டாள். அவனுடைய முதுகு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மாணவி கையைத் தூக்கி, நான்காவது கேள்வியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றாள். எழுந்து போய்ப் பலகையில் திருத்தி எழுதிவிட்டு வந்தேன். முதுகு இன்னும் தெரிந்தது.

காவல்துறைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? நீங்களே யோசியுங்கள். என்னால் ஆனதைச் செய்தேன். நிரலை நிறுத்தினேன். அவளால் அழுத்த முடியாமல் போன அந்தப் பொத்தானை நானே அழுத்தினேன். பிறகு அதை அவளுடைய கணினியிலிருந்து நீக்கினேன். பிறகு விடைத்தாள்களை வாங்கிக்கொண்டேன்.

அம்மா விருந்துக் கறியைப் பையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உங்கள் நிலையத்துக்கு ஓடினாள் என்று சொன்னீர்கள். அந்த வயதில், அந்த வழுக்கலில். என்னிடம் வந்திருக்கலாம், பள்ளி இன்னும் பக்கம்.

அவள் தந்த வாக்குமூலத்தை நேற்று எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நீங்கள் காட்டிய படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறாள். நன்றாகப் பேசினாள், அழவில்லை. "அந்தப் பொட்டிக்குள்ள ஒருத்தன் உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தான். அதுல என்னென்ன ஓடுதுன்னு நான் என் கண்ணால படிச்சேன். முதல்ல இருந்த பேரு ஷெர்காசி. எழுதிக்கோம்மா, ஷெர்காசி. அதை உள்ள வெச்சது என் மூத்த பிள்ளை." இரண்டு முறை சொன்னாள். அவ்வளவு வருஷம் காப்பாற்றிய பெயரை, சீருடைக்காரர்கள் முன்னால், ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, அப்பட்டமாக. இந்த வழக்கு முழுவதிலும் எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அதுதான். ஒரு மரபு ஒரே நாளில் இப்படி உடைந்துவிடுகிறது.

மேரிமுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றும், எழுதிக்காட்டித்தான் பேசுகிறாள் என்றும் சொன்னீர்கள். முதலில் எழுதியது குழந்தையைப் பற்றியாம். இரண்டாவது, ஹோல்கருக்கு எப்படியாவது விவரம் சொல்லிவிடுங்கள் என்றாம். பாருங்கள், அந்த நிலையிலும் ஹோல்கர். நான் சொன்னது சரிதானே என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உறையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். அவனுடைய கடிதங்கள் அத்தனையும், உங்கள் அலுவலகம் மொழிபெயர்த்தவை.

ஹோல்கர் அந்த முதியோர் இல்லத்தில் வருகிறவர்களுக்குத் தங்கும் ஏற்பாடு செய்கிறவராம். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதாம். வேலைக்கான காலணிக்கு உங்கள் அளவு என்ன, மழலையர் பள்ளியில் இடம் பிடிக்கத் தடுப்பூசி விவரம் வேண்டும், உங்கள் பெண்ணுக்கு ஆட்டுக்கறி பிடிக்குமா, எங்கள் சமையல்காரர் செய்யத் தயார். இப்படியே பக்கம் பக்கமாக. கட்டில் படத்தின் கீழே இருந்த வரியை நீங்களே படித்துக் காட்டினீர்கள்: 'இருவருக்கும் இந்தக் கட்டில் போதுமா, அல்லது சிறுமிக்குத் தனியாகச் சின்னக் கட்டில் போடட்டுமா?' இடத்தை இலையுதிர்காலம் வரை வைத்திருப்பதாக இப்போது எழுதியிருக்கிறாராம். அம்மா குழந்தையோடு மருத்துவமனையிலேயே தங்கிவிட்டாள், வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்கிறாள். பயணச் சீட்டு எப்போது வாங்குவது என்று உங்கள் உதவியாளரிடம் விசாரித்தாளாம்.

ஆக, ஆமாம். நிரலை வைத்தது நான். அதற்கு என் அப்பாவின் பெயரை வைத்தது நான். மருமகள் வாயைத் திறக்க முடியாது என்று தெரிந்தே வைத்தேன். படங்களை அனுப்பியது நான். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று முதல் நாள் சொன்னேன். ஜூலை மாதத்தில் பனி என்று சொன்னவன் அப்படிச் சொல்ல முடியாது என்று நீங்கள் சொன்னது நியாயம்தான். நடந்துகொண்டிருந்தபோதும் தெரியும். கண்ணால் பார்த்தேன். இதை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குடும்பத்துக்காகச் செய்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் பாக்கி என்றீர்கள். "இந்தக் கடிதத்துல எந்த வரியைப் படிச்சுட்டு தம்பிக்கு அனுப்பினீங்க, அகாய்?" மஞ்சள் முகத்தைப் பற்றிச் சொன்னேன். வாரத்தில் எத்தனை கடிதம் என்று சொன்னேன். தோட்டத்து வீட்டை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொன்னேன். நீங்கள் மறுபடியும், "எந்த வரி?" என்றீர்கள். மொழிபெயர்க்கிற நிரல்தான் இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தீர்களா என்றும் கேட்டீர்கள். போடவில்லை. அந்த நிரல்கள் நாம் எழுதுவதையெல்லாம் வெளியாருக்கு அனுப்பிவிடும். வீட்டு விஷயம் வெளியே போவதை நான் விரும்புவதில்லை.

எனக்கு ஜெர்மன் தெரியாது.